கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்ததும் வீடியோ ஏன் சொதப்புகிறது?

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வீடியோவில் இன்று சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. இன்னொருவருக்குத் திரை முழுக்கப் பச்சை. மற்றொருவருக்கு, படத்தில் ஆள் நடந்தால் பின்னாலேயே கட்டம் கட்டமாக ஏதோ இழுபடுகிறது. மூவர் வீட்டிலும் இடையில் நடந்தது ஒன்றுதான்: ராத்திரி கணினி தன் கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்துக்கொண்டது.

இதற்கு அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனைகள் வழக்கமாக மூன்று. "கோடெக் பேக் ஒண்ணு போடுங்க", "கார்டு போயிடுச்சு, மாத்திடுங்க", "ஃபார்மேட் பண்ணிட்டா சரியாயிடும்." மூன்றும் நாடி பார்க்காமல் எழுதிய மருந்துச் சீட்டு. முதலாவதால் பெரும்பாலும் பயனில்லை, இரண்டாவது பணத்துக்குக் கேடு, மூன்றாவதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண். ஃபார்மேட் முடிந்ததும் விண்டோஸ் அதே டிரைவரை மறுபடி இறக்கிக்கொண்டால் பிரச்சினையும் கூடவே வந்து உட்காரும்.

கோப்பிலிருந்து திரைக்கு வரும் வழியில் படம் மூன்று இடங்களில் நின்று வருகிறது. மூன்றிலும் டிரைவரின் கை இருக்கிறது. எந்த இடத்தில் கோளாறு என்பதைக் கெட்டுப்போன படமே காட்டிக்கொடுக்கும். அதைப் படிக்கத்தான் இந்தக் கட்டுரை.

## மளிகைக் கடைச் சீட்டு

முதலில் வீடியோ கோப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1920 × 1080 அளவுள்ள ஒரே ஒரு படம், அதாவது ஒரு ஃபிரேம், சுருக்காமல் வைத்தால் சுமார் 3.1 எம்பி. நொடிக்கு 30 ஃபிரேம் என்றால் 93 எம்பி. இரண்டு மணி நேரப் படம் 670 ஜிபியைத் தொடும். ஆனால் நம் கையில் இருக்கும் கோப்போ இரண்டு, மூன்று ஜிபிதான். மீதி எங்கே போனது?

மாதாமாதம் ஒரே கடையில் மளிகை வாங்கும் வீட்டில் ஒவ்வொரு தடவையும் முழுச் சீட்டு எழுத மாட்டார்கள். "போன மாசம் மாதிரியே போடுங்கண்ணே, துவரம்பருப்பு மட்டும் அரை கிலோ கூட, எண்ணெய் ஒரு லிட்டர் குறைச்சு" என்பார்கள். வீடியோவும் அப்படித்தான். எப்போதாவது ஒரு முழு ஃபிரேம் வரும். அதற்குப் பெயர் கீஃபிரேம். அதற்குப் பிறகு வருவதெல்லாம் "முன்னது மாதிரியே, இந்தக் கட்டம் மட்டும் நாலு புள்ளி வலப்பக்கம் நகரட்டும்" என்ற வித்தியாசக் குறிப்புகள். இப்படிச் சுருக்குவதற்கும் விரிப்பதற்குமான விதிமுறையைத்தான் கோடெக் என்கிறோம். 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்இவிசி, விபி9, 2018இல் வந்த ஏவி1 எல்லாம் அந்த வகை. சுருக்கியதை விரித்து ஃபிரேமாக்கும் வேலை டிகோடிங். அதைச் செய்வது டிகோடர்.

கடைக்காரர் போன மாதச் சீட்டைத் தொலைத்துவிட்டு, வேறு யாரோ வீட்டுச் சீட்டில் அரை கிலோ துவரம்பருப்பைக் கூட்டினால் என்ன ஆகும்? மூட்டை தப்பாகத்தான் வரும். அடுத்த மாதமும் தப்பாகவே வரும். யாராவது முழுச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வரை சரியாகாது. திரையில் கட்டம் கட்டமாக இழுபட்டு, சில நொடிகள் கழித்துத் "தானாகவே" படம் தெளிகிறதே, அது இதுதான். டிகோடர் தப்பான பழைய ஃபிரேமை அடிப்படையாக எடுத்துக்கொண்டது. கீஃபிரேம் வந்ததும் தெளிந்தது.

## ஆட்டுக்கல்லும் கிரைண்டரும்

இந்த விரிக்கும் வேலையை யார் செய்வது? கணினியின் பொதுச் செயலியான சிபியுவே செய்யலாம். அது ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டுவது மாதிரி: எந்த மாவையும் ஆட்டலாம், ஆனால் ஆள் களைத்துப்போவார், மற்ற வேலை நின்றுபோகும். ஆகவே கிராபிக்ஸ் சில்லுக்குள் டிகோடிங்குக்கு மட்டுமே என்று ஒரு தனிப் பகுதியைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அது கிரைண்டர். அரைப்பதைத் தவிர வேறெதுவும் தெரியாது. அதைக் குறைந்த மின்சாரத்தில், வேர்க்காமல் செய்யும். இன்டெலில் இதற்கு குவிக் சிங்க் என்று பெயர், 2011இலிருந்து இருக்கிறது. என்விடியா என்விடெக் என்கிறது, ஏஎம்டி விசிஎன் என்கிறது. டிகோடிங்கைச் சிபியுவிடமிருந்து எடுத்து இந்தப் பகுதிக்குத் தள்ளுவதுதான் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன்.

இந்தப் பகுதி விளையாட்டு ஓட்டும் திறனோடு சம்பந்தப்பட்டதல்ல. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 2020இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறை லேப்டாப் சில்லில் ஏவி1 டிகோடர் உண்டு. 2022இல் தனிக் கார்டாக வந்த ரேடியான் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியில் அது கிடையாது. கிரைண்டரே இல்லாத வீட்டுக்கு எந்த டிரைவர் அப்டேட்டும் கிரைண்டர் கொண்டுவந்து தராது. "புது டிரைவர் போட்டால் ஏவி1 ஓடும்" என்று யாராவது சொன்னால், சில்லில் அந்தப் பகுதி இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

## டிரைவர் ஒரு துபாஷி

டிரைவர் என்றதும் நமக்குப் பேருந்து ஓட்டுநர் நினைவு வருகிறது. அந்தப் படிமம் இங்கே உதவாது. பழைய மதராசில் கம்பெனி வெள்ளைக்காரருக்கும் ஊர் வியாபாரிக்கும் நடுவே நின்று இரண்டு பாஷையும் பேசிய துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள்; டிரைவர் அவர்தான். விஎல்சி என்ற வீடியோ பிளேயருக்கோ குரோம் உலாவிக்கோ உங்கள் சில்லின் மொழி தெரியாது. அவை விண்டோஸ் வகுத்த பொது மொழியில் பேசும். விஸ்டா காலத்தில் வந்த டிஎக்ஸ்விஏ 2.0 அதில் ஒன்று, பிறகு வந்த டைரக்ட்3டி 11 வீடியோ இடைமுகம் இன்னொன்று. "உனக்கு என்னென்ன கோடெக் தெரியும்? எத்தனை பெரிய படம்? இந்தா தரவு, விரித்துக் கொடு" என்று பிளேயர் கேட்க, டிரைவர் அதைச் சில்லுக்குப் புரியும்படி மாற்றிச் சொல்கிறது.

அப்டேட் என்பது துபாஷியை மாற்றுவது. கடையும் சரக்கும் மாறவில்லை. புது ஆள் மூன்று விதமாகக் கெடுக்கலாம்.

ஒன்று, மொழிபெயர்ப்பில் பிழை. தரவு போகிறது, திரும்பி வருவது குப்பை.

இரண்டு, செய்யத் தெரிந்த வேலையை "தெரியாது" என்று சொல்லிவிடுவது. பிளேயர் சத்தமில்லாமல் சிபியுவுக்குத் திரும்பிவிடும். படம் சரியாகத்தான் வரும். ஆனால் விசிறி இரையும், 4கே திக்கும்.

மூன்றாவதுதான் யாரும் எதிர்பார்க்காதது. இதுவரை "தெரியாது" என்றிருந்ததை இப்போது "தெரியும்" என்று சொல்வது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும், கோளாறு என்று தெரிந்த டிரைவர் பதிப்புகளுக்குத் தடைப்பட்டியல் வைத்திருக்கின்றன. உங்கள் பழைய டிரைவர் அந்தப் பட்டியலில் இருந்திருக்கலாம். உலாவி இத்தனை நாளும் சிபியுவிலேயே பிழைப்பை ஓட்டியிருக்கலாம். புதுப் பதிப்பு பட்டியலில் இல்லை, ஆகவே அந்தக் கணினியில் முதன்முறையாக ஹார்டுவேர் பாதை திறக்கிறது. அப்டேட் எதையும் உடைக்காமலே, ஏற்கெனவே உள்ளே கிடந்த வேறொரு கோளாறு இப்படி வெளியே வரும்.

இதுவரை பார்த்தது: வீடியோ என்பது வித்தியாசக் குறிப்புகளின் கட்டு, அதை விரிக்க சில்லில் ஒரு தனிப் பகுதி இருக்கிறது, அந்தப் பகுதியோடு பேச டிரைவர் வேண்டும். இனி கோளாறுகள்.

## முதல் நிறுத்தம்: டிகோடிங்

பச்சைத் திரையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். மானிட்டர் கேபிள் போய்விட்டது, கார்டு வெந்துவிட்டது என்று இதற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். ஏன் பச்சை? ஏன் சிவப்பாகவோ கறுப்பாகவோ இல்லை?

வீடியோ ஒவ்வொரு புள்ளியையும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வைத்துக்கொள்வதில்லை. வெளிச்சம் எவ்வளவு என்று ஓர் எண், நிறம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இரண்டு எண்கள். இந்த முறைக்கு ஒய்யூவி என்று பெயர். நிறச்சாய்வு எண்களில் "எந்தப் பக்கமும் சாயவில்லை" என்பதற்கு மதிப்பு 0 அல்ல, 128. ஆகவே வீடியோவில் உண்மையான கறுப்பு 16, 128, 128.

டிகோடர் ஒரு ஃபிரேமுக்காக நினைவகத்தில் இடம் ஒதுக்குகிறது. ஏதோ காரணத்தால் அதில் எதுவும் எழுதப்படவில்லை. வெற்று நினைவகத்தில் இருப்பது 0, 0, 0. இதைத் திரைக்கான நிறமாக மாற்றும் வாய்ப்பாட்டில் போட்டுப் பாருங்கள்: சிவப்பு பூஜ்யத்துக்குக் கீழே போய் 0 ஆகிறது. நீலமும் அப்படியே. பச்சை மட்டும், பழைய டிவித் தர வாய்ப்பாட்டில் சுமார் 135, எச்டி வாய்ப்பாட்டில் சுமார் 77 என்று நிற்கிறது. 255க்கு 135. அந்தக் கரும்பச்சை இதுதான். திரை பச்சையானால் "டிகோடர் வெறுந்தட்டை நீட்டியிருக்கிறது" என்று படியுங்கள். கேபிளுக்கு இதில் சம்பந்தமில்லை.

படத்தின் அடி ஓரத்தில் மட்டும் மெல்லிய பச்சைக் கோடு வந்தால் அது இதன் சின்னத் தம்பி. எச்.264 படத்தை 16 × 16 கட்டங்களாக வெட்டுகிறது. 1080ஐ 16ஆல் வகுத்தால் மீதியில்லாமல் வகுபடாது. 67 கட்டம் போக அரைக் கட்டம் மிச்சம். அதனால் 1088 வரிகளாக டிகோடு செய்து, கடைசி 8 வரிகளை வெட்டிவிடச் சொல்கிறது கோப்பு. டிரைவரோ பிளேயரோ வெட்ட மறந்தால் அந்த ஓரம் திரையில் எட்டிப்பார்க்கும். ஆபத்தில்லை, பிளேயரைப் புதுப்பித்தாலே பல நேரம் போய்விடும்.

கட்டம் கட்டமாக இழுபடுவது பற்றி முன்பே சொன்னோம். ஆனால் கோப்பே பழுதாக இருந்தாலும் அதே காட்சிதான். பிரித்தறிவது சுலபம்: ஹார்டுவேர் பாதையை அணைத்துவிட்டு (எப்படி என்பது கீழே) அதே இடத்தை மறுபடி ஓட்டுங்கள். அதே நொடியில் அப்படியே கெட்டால் கோப்பு குற்றவாளி. தெளிவாக ஓடினால் டிரைவர்.

## இரண்டாம் நிறுத்தம்: நிறம்

டிகோடு ஆன ஃபிரேமைத் திரை நிறத்துக்கு மாற்றி, திரை அளவுக்குப் பெரிதாக்கும் இடம் இது. இங்கே வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்டேட்டுக்கு அப்புறம் படம் வெளுத்துப்போச்சு, கறுப்பு சாம்பலா இருக்கு." அல்லது நேர்மாறாக, இருட்டான காட்சியில் ஒன்றுமே தெரியவில்லை.

வீடியோவில் கறுப்பு 16, வெள்ளை 235. கணினித் திரையில் கறுப்பு 0, வெள்ளை 255. முதலாவது லிமிடெட் வீச்சு, இரண்டாவது ஃபுல். டிரைவர் ஒரு வீச்சில் அனுப்ப, மானிட்டர் இன்னொன்றை எதிர்பார்த்தால் 16 என்பது சாம்பலாகவே நின்றுவிடும். அப்டேட்டின்போது டிரைவரின் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்புவதும், எச்டிஎம்ஐயில் இணைத்த மானிட்டரை டிவி என்று எடுத்துக்கொண்டு லிமிடெட்டுக்குப் போவதும் சகஜம். இது கோளாறே அல்ல, அழிந்துபோன அமைப்பு. என்விடியா கன்ட்ரோல் பேனலில் "சேஞ்ச் ரெசல்யூஷன்" பக்கத்தின் அடியில் "அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்" இருக்கும், ஃபுல் ஆக்குங்கள். ஏஎம்டியில் "பிக்சல் ஃபார்மேட்" என்பதில் ஃபுல் ஆர்ஜிபி. இன்டெலில் "குவான்டைசேஷன் ரேஞ்ச்". இணைத்திருப்பது டிவி என்றால் அதன் மெனுவிலும் இதே மாதிரி ஒரு தேர்வு இருக்கும். இரண்டு முனையும் ஒத்துப்போனால் போதும்.

## மூன்றாம் நிறுத்தம்: திரையில் வைப்பது

தயாரான ஃபிரேமை மற்ற ஜன்னல்களுக்கு நடுவே சரியான இடத்தில், சரியான நேரத்தில் வைக்க வேண்டும். மின்சாரத்தை மிச்சப்படுத்த விண்டோஸ் ஓர் உத்தி வைத்திருக்கிறது: வீடியோவை டெஸ்க்டாப்போடு கலக்காமல், அதன் மேல் தனி அடுக்காகவே சில்லுக்கு அனுப்புவது. கண்ணாடி மேல் கண்ணாடி வைத்த மாதிரி. இதற்கு மல்டிபிளேன் ஓவர்லே, சுருக்கமாக எம்பிஓ, என்று பெயர். அடுக்குகள் ஒழுங்காக ஒட்டாதபோது படம் மினுக்கும், ஜன்னலை இழுத்தால் விக்கும், சுட்டியை நகர்த்தினால் மட்டும் வீடியோ தெரிந்து மறையும்.

2021 ஜனவரியில் வந்த என்விடியாவின் 461.09 பதிப்பிலிருந்து சில கணினிகளில் ஜன்னல்கள் மினுக்கியதும் இந்த வகைதான். அந்த நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் எம்பிஓவை அணைக்க ஒரு ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) கோப்பும், திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர இன்னொன்றும் கொடுத்தது. இணையத்தில் யாரோ தட்டிவைத்த ரெஜிஸ்ட்ரி வரிகளை நகலெடுப்பதைவிட அதை எடுத்துக்கொள்வது நல்லது.

கட்டணத் திரைப்படச் செயலிகளில் மட்டும் கறுப்பு, யூடியூப் சரியாக ஓடுகிறது என்றால் கதை வேறு. அங்கே எச்டிசிபி என்ற நகல் தடுப்புப் பூட்டு வேலை செய்கிறது. சில்லு, டிரைவர், கேபிள், மானிட்டர் எல்லாம் அந்தப் பூட்டுக்குச் சாவி காட்ட வேண்டும். நடுவில் ஒன்று தவறினாலும் படம் வராது, வசனமும் எழுத்தும் மட்டும் வரும். இரண்டாவது மானிட்டரையும் எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டரையும் கழற்றி, திரையைப் பதிவு செய்யும் மென்பொருளை மூடிவிட்டுப் பாருங்கள்.

முழுத் திரையும் ஓரிரு நொடி கறுத்துத் திரும்பினால், அது விண்டோஸ் டிரைவரை உலுக்கி எழுப்பியது. கிராபிக்ஸ் சில்லு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மறுதொடக்கம் செய்யும். "ஈவென்ட் வியூவர்" திறந்து, விண்டோஸ் லாக்ஸில் சிஸ்டம் பகுதியில் 4101 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். வீடியோவின்போது மட்டும் அந்த எண் வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். விளையாட்டிலும், சும்மா இருக்கும்போதும் வந்தால் சூடு, பவர் சப்ளை, கார்டு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக: பச்சையும் இழுபடும் கட்டங்களும் முதல் நிறுத்தம். வெளுப்பு இரண்டாவது. மினுக்கல் மூன்றாவது. கறுப்பு மட்டும் முதல் நிறுத்தத்திலும் இருக்கலாம், மூன்றாவதிலும் இருக்கலாம். அதைச் சோதித்துத்தான் பிரிக்க வேண்டும்.

## சோதனை: ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பது

எதையும் கழற்றுவதற்கு முன்னால் ஒருமுறை ரீஸ்டார்ட். ஷட்டவுன் செய்து மறுபடி போடுவது வேறு, ரீஸ்டார்ட் வேறு. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் காரணமாக ஷட்டவுனில் டிரைவர் முழுதாகப் புதிதாய் ஏறுவதில்லை. அவசரமாக இருந்தால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை ஒருமுறை சிமிட்டும், கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுதொடக்கமாகும்.

பிறகு, வட்டில் ஏற்கெனவே இருக்கும் 1080 அளவு எச்.264 கோப்பு ஒன்றை விஎல்சியில் ஓட்டுங்கள். இணையம், உலாவி, பூட்டு என்ற மூன்று சந்தேகங்களும் இதோடு விலகிவிடும். விஎல்சியில் "டூல்ஸ்" மெனு, "பிரிஃபரன்சஸ்", அதில் "இன்புட்/கோடெக்ஸ்" தாவல். அங்கே ஹார்டுவேர் டிகோடிங் என்ற வரியில் "ஆட்டோமேட்டிக்" என்றிருக்கும். "டிசேபிள்" ஆக்கிச் சேமித்து, விஎல்சியை மூடித் திறந்து ஓட்டுங்கள்.

படம் சரியாகிவிட்டதா? கோளாறு முதல் நிறுத்தத்தில். சரியாகவில்லையா? அதே அமைப்புகளில் "வீடியோ" தாவலுக்குப் போய் "அவுட்புட்" என்பதை டைரக்ட்3டி11இலிருந்து டைரக்ட்3டி9க்கோ ஓபன்ஜிஎல்லுக்கோ மாற்றுங்கள். இப்போது சரியானால் மூன்றாம் நிறுத்தம். இரண்டு தேர்வு, ஐந்து நிமிடம். எந்தக் கோடெக் பேக்கும் இந்தத் தகவலைத் தராது.

உலாவியிலும் இதே சோதனை. குரோமில் "செட்டிங்ஸ்", "சிஸ்டம்", அங்கே கிராபிக்ஸ் ஆக்ஸிலரேஷன் பற்றிய பொத்தானை அணைத்து மறுதொடக்கம். ஃபயர்ஃபாக்ஸில் "ஜெனரல்" பக்கத்தில் "பெர்ஃபார்மன்ஸ்" பகுதி. பரிந்துரைத்த அமைப்பு என்ற குறியை எடுத்தால்தான் அடியில் ஹார்டுவேர் ஆக்ஸிலரேஷன் தெரியும். யூடியூபில் வீடியோ மேல் வலது கிளிக் செய்து "ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்" எடுத்தால் எந்தக் கோடெக், எத்தனை ஃபிரேம் கைநழுவியது என்பதெல்லாம் தெரியும். அப்டேட்டுக்கு முன் விபி9இல் ஓடியது இப்போது ஏவி1இல் ஓடுகிறது என்றால், மேலே சொன்ன மூன்றாவது வகைத் துபாஷி வேலை.

படம் சரி, ஆனால் திக்குகிறது என்பவர்கள் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, "பெர்ஃபார்மன்ஸ்" தாவலில் ஜிபியுவை, அதாவது கிராபிக்ஸ் சில்லை, தேர்ந்தெடுங்கள். அங்கே "வீடியோ டிகோட்" என்று ஒரு வரைபடம் இருக்கும்; ஏஎம்டி கார்டு சிலவற்றில் "வீடியோ கோடெக்" என்று காட்டும். வீடியோ ஓடும்போது அது 0லேயே படுத்திருந்து சிபியு ஏறிக்கொண்டே போனால், கிரைண்டர் சும்மா நிற்கிறது, ஆட்டுக்கல் ஓடுகிறது. டிவைஸ் மேனேஜரில் "டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்" அடியில் உங்கள் கார்டின் பெயருக்குப் பதில் "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்" என்றிருந்தால் இன்னும் மோசம்: துபாஷியே இல்லை, அப்டேட் பாதியில் நின்றுவிட்டது.

லேப்டாப்பில் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு இருக்கலாம். எது டிகோடு செய்கிறது என்பதையும் அந்த வரைபடமே காட்டும். வீடியோவைப் பெரும்பாலும் இன்டெல் சில்லு கவனித்துக்கொண்டிருக்க, என்விடியா டிரைவரை மூன்று முறை மாற்றிப் பார்த்துக் களைத்தவர்கள் ஏராளம்.

## பழைய டிரைவருக்குத் திரும்புவது

முதல் நிறுத்தம்தான் என்று உறுதியானால், ஹார்டுவேர் டிகோடிங்கை அணைத்தே வைத்துக்கொண்டு அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கலாம். 1080 வரை இன்றைய சிபியுக்கள் அலட்டிக்கொள்ளாது. 4கே பார்ப்பவர்களும் பேட்டரியில் ஓட்டுபவர்களும் திரும்பிப் போவதே மேல்.

டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் இரட்டைக் கிளிக், "டிரைவர்" தாவல். அங்கே பதிப்பு எண்ணை முதலில் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். என்விடியா என்றால் எண் 27.21.14.6109 என்று நீளமாக இருக்கும், மிரள வேண்டாம். கடைசி ஐந்து இலக்கம் 46109. நடுவில் புள்ளி வைத்தால் 461.09, அதுவே நிறுவனம் வெளியிடும் எண். குறித்தபின் "ரோல் பேக் டிரைவர்". மூன்று, நான்கு நிமிடம் திரை சிமிட்டும், முடிந்ததும் ரீஸ்டார்ட்.

அந்தப் பொத்தான் மங்கலாக, அழுத்த முடியாமல் இருந்தால் பழைய டிரைவரின் பிரதி இல்லை என்று அர்த்தம். புதிதைப் போடும்போது "கிளீன் இன்ஸ்டலேஷன்" குறியிட்டிருப்பீர்கள், அல்லது டிஸ்க் கிளீனப் பழைய டிரைவர் பொதிகளைத் துடைத்திருக்கும். அப்போதும் ஒரு வழி உண்டு. "அப்டேட் டிரைவர்" அழுத்தி, தானாகத் தேடுவதை விட்டுக் கணினியில் தேடும் தேர்வை எடுத்து, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் வரியை அழுத்துங்கள். சில நேரம் பழைய பதிப்புகள் அங்கே கிடக்கும்.

அதுவும் இல்லையென்றால் அடியோடு எடுத்துப் போடுவது. இதற்கு டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டிடியு, என்ற இலவசக் கருவியைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். வரிசை முக்கியம்:

1. பழைய பதிப்பின் நிறுவல் கோப்பை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் என்றால் லேப்டாப் தயாரிப்பாளரின் பக்கத்திலிருந்து.
2. வட்டுப் பூட்டு போட்ட லேப்டாப்பில் பிட்லாக்கர் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சேஃப் மோடில், அதாவது அத்தியாவசிய டிரைவர்களோடு மட்டும் விண்டோஸ் எழும் நிலையில், அது கேட்கப்படலாம். இந்த வரியைத் தாண்டிப் போனவர்கள்தான் ராத்திரி பதினோரு மணிக்குத் தவிக்கிறார்கள்.
3. நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இல்லையேல் நீங்கள் எடுத்த டிரைவரை விண்டோஸ் கையோடு திரும்பக் கொண்டுவந்து வைக்கும்.
4. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட். "டிரபுள்ஷூட்", "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்", "ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ்", ரீஸ்டார்ட், பிறகு 4. சேஃப் மோடு வரும்.
5. டிடியுவில் கார்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, நீக்கி மறுதொடக்கம் செய்யும் முதல் பொத்தானை அழுத்துங்கள்.
6. திரை பெரிய எழுத்தோடு வரும், பயப்பட வேண்டாம். இறக்கி வைத்த பதிப்பைப் போட்டு, ரீஸ்டார்ட் செய்து, பிறகு நெட்டை இணையுங்கள்.

## டிரைவர் மேல் பழி போடக் கூடாத நேரங்கள்

எச்இவிசி கோப்பு விண்டோஸின் சொந்தப் பிளேயரில் மட்டும் திறக்காமல், விஎல்சியில் ஓடினால், இல்லாதது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தனியாக விற்கும் எச்இவிசி நீட்சி. டிவியில் படம் வந்து சத்தம் வராவிட்டால், எச்டிஎம்ஐ ஒலிக்கான டிரைவரும் கிராபிக்ஸ் பொதியோடேயே வருகிறது என்பதை நினைவில் வையுங்கள்; அப்டேட்டில் ஒலி வெளியேறும் இடம் மாறியிருக்கும். பணிப்பட்டையின் ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி டிவியைத் தேர்ந்தெடுத்தால் தீர்ந்தது.

லினக்ஸ்காரர்களுக்கு இரண்டு விஷயம். 2022 செப்டம்பரில் ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை, காப்புரிமைச் சிக்கல் காரணமாக, லினக்ஸின் திறந்தமூல கிராபிக்ஸ் டிரைவர் தொகுப்பான மெசாவில் எச்.264, எச்இவிசி ஹார்டுவேர் டிகோடிங்கை நிறுத்தியது. அப்டேட் செய்தவர்களுக்குக் கோளாறு மாதிரியே தோன்றியது. உண்மையில் வேண்டுமென்றே மூடிய கதவு. ஆர்பிஎம் ஃபியூஷன் களஞ்சியத்தில் உள்ள "ஃப்ரீவேர்ல்டு" பொதிகள் அதைத் திறக்கும். இரண்டாவது, 2023இல் மெசா புதுப்பிப்புக்குப் பின் குரோமிய வகை உலாவிகளில் எழுத்தும் படமும் சிதறின. பழைய டிரைவர் சமைத்து வைத்த ஷேடர் கேஷை (சேமித்து வைத்த கிராபிக்ஸ் நிரல்களை) புது டிரைவர் பரிமாறியதே காரணம்; உலாவி விவரக் கோப்புறையிலிருந்து ஜிபியு கேஷ் கோப்புறையை நீக்கியதும் சரியானது.

## மறுபடி ஏறிக்கொள்ளாமல் இருக்க

பழைய டிரைவருக்குப் போனபின் விண்டோஸ் அப்டேட் அதைத் திரும்ப மாற்றிவிடாமல் தடுக்க, தேடல் பெட்டியில் டிவைஸ் இன்ஸ்டலேஷன் செட்டிங்ஸ் என்று தேடித் திறந்து, "நோ" தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்கள் குரூப் பாலிசியில் விண்டோஸ் அப்டேட் பகுதியில், அப்டேட்டோடு டிரைவர்களைச் சேர்க்காதே என்ற விதியை இயக்குவது இன்னும் உறுதி. "உங்கள் 17 டிரைவர்கள் பழசாகிவிட்டன" என்று பயமுறுத்தும் மூன்றாம் தரப்பு டிரைவர் அப்டேட்டர் ஏதாவது கணினியில் இருந்தால் அதையும் நீக்குங்கள்.

என்விடியா கார்டில் விளையாட்டைவிட வீடியோதான் முக்கியம் என்பவர்கள், விளையாட்டு வெளியீடுகளைத் துரத்தி வரும் கேம் ரெடி வரிசையை விட்டு ஸ்டுடியோ வரிசை டிரைவருக்கு மாறலாம். அது அடிக்கடி வராது. புதுப் பதிப்பு வரும்போது அதோடு வெளியாகும் குறிப்பில் "சரிசெய்தவை", "இன்னும் இருப்பவை" என்ற இரண்டு பட்டியல்கள் இருக்கும்; இரண்டாவதில் உங்கள் நோயின் பெயர் இருந்தால் அந்தப் பதிப்பைத் தொட வேண்டாம். இப்போது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் பதிப்பின் நிறுவல் கோப்பை ஒரு பென்டிரைவில் போட்டு, மேலே எண்ணை எழுதி ஒட்டி வையுங்கள்.